எடைமேடைக்காரரின் மூட்டை

1

பிப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை எங்கள் வீட்டில் மாம்பழக் கேசரி கிண்டுவது வழக்கம். நாங்கள் மூன்று பேரும் கனடாவில் வந்து இறங்கிய நாள் அது. பண்டிகை மாதிரி பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் குளிரில் வந்து விழுந்தும் இன்னும் முழுசாக இருக்கிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். இந்தியக் கடையில் டின்னில் அடைத்த மாம்பழக் கூழ் கிடைக்கும். டின்னின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் கிருஷ்ணகிரி என்று போட்டிருக்கும். என் மனைவி சரோஜா கிருஷ்ணகிரிப் பக்கத்து வேப்பனப்பள்ளிக்காரி. முதன்முதலாக அந்த எழுத்தைப் பார்த்தவள் கடையிலேயே நின்று டின்னை முந்தானையால் துடைத்தாள். "எங்க தோப்புக் காயா இருந்தாலும் இருக்குங்க" என்றாள். அன்றிலிருந்து காலி டின் எதையும் எறிய விடுவதில்லை. ஒன்றில் துவரம்பருப்பு இருக்கிறது, இன்னொன்றில் என் ஸ்க்ரூடிரைவர்கள் இருக்கின்றன.

இந்த வருஷம் கேசரி ஆறி அவலான பிறகுதான் சாப்பிட்டோம். அதற்குக் காரணமான சங்கதியை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஓசூரில் என்னோடு வேலை பார்த்த சினேகிதர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த ஆயுத பூஜை ஞாபகத்துக்கு வரலாம். வராமல் போனால் அவர்களுக்கு நல்லது. எனக்கு மறக்கவில்லை.

2

நான் டூல் ரூம் ஆள், அச்சும் கருவியும் செய்கிறவன். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். ஓசூரில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். இங்கே ஒன்டாரியோவிலும் அதே வேலை, அதே மைக்ரோமீட்டர். இரும்புக்கு எல்லா ஊரிலும் ஒரே பாஷை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மனிதர்களிடம் பேசும்போதுதான் சிக்கல். வந்த புதிதில் இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பி, 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போயிருந்தேன் என்று ஃபோர்மேனிடம் சொன்னேன். எந்த ஸ்டேஷன், ரயிலா பஸ்ஸா என்று அந்த மனிதர் நிஜமான அக்கறையோடு விசாரித்தார்.

ஆஸ்பத்திரி கார்டுக்கு ஒரு விண்ணப்பம். நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். அப்போது நாங்கள் எட்டு மாதத்தில் மூன்றாவது வீடு மாறியிருந்தோம். யோசித்துப் பார்த்தேன், நிரந்தரம் என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. ஓசூர் ராயக்கோட்டை ரோட்டு வாடகை வீட்டை எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரிக்காமல் அதை அடித்துவிட்டு, "நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மகள் வித்யா வரும்போது நாலு வயசு. இப்போது பதினாறு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். டப்பிங் சரியாகாத படத்தில் அப்பாவாக நடிக்கிற மாதிரி இருக்கும். சனிக்கிழமை காலையில் ஒரு மாதா கோயிலின் அடித்தளக் கூடத்துக்குத் தொண்டு வேலைக்குப் போகிறாள். வீடில்லாதவர்களுக்கு அங்கே சாப்பாடு, வெந்நீர்க் குளியல், கோட்டு எல்லாம் உண்டு. நான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் வேலை முடியும்வரை அங்கேயே ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என்னையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதுகு வலி என்று சொல்லிவிட்டேன். நிஜக் காரணம் வேறு.

3

எங்கள் கம்பெனியின் பின்கேட்டுக்கு எதிரே, ஹைவேயிலிருந்து உள்ளே திரும்புகிற மண்ரோட்டில், ஒரு பழைய லாரி எடைமேடை இருந்தது. மேடை துருப்பிடித்துவிட்டது. பக்கத்தில் ஆபீசாக இருந்த அறை மட்டும் கூரையோடு நின்றது. அதில்தான் ஒரு பெரியவர் தங்கியிருந்தார். வயசு அறுபது இருக்கலாம். நெட்டை ஆள், நரைத்த தாடி. எண்ணெய்க் கறை படிந்த இரண்டு சாக்கு மூட்டை, சோறு வாங்க ஒரு அலுமினியப் போசி. இவைதான் சொத்து.

பெயர் கேட்டதற்கு ஏ ஷிப்டில் இருந்த எங்களிடம் முனியப்பா என்றார். பி ஷிப்டில் கேட்டதற்கு வெங்கடப்பா என்றார். சி ஷிப்டுக்காரர்கள் அவரைப் பெருமாள் என்று கூப்பிட்டார்கள். ஊரும் அப்படித்தான். எங்களுக்கு அஞ்செட்டி, அவர்களுக்கு வேறு ஏதோ. எங்கள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ராமப்பா அண்ணன் கன்னடக்காரர். "முனியப்பா, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பார். இவர் தெலுங்கில் "ஆயிந்தி, ஆயிந்தி" என்பார். தெலுங்கு பேசும் வாட்ச்மேன் கேட்டால் தமிழில் பதில் வரும். எங்களைச் சீண்டுகிறார் என்பது புரியவே எங்களுக்கு மாதக் கணக்கில் ஆனது.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகும். மார்கழியில் ஆறு மணி ஷிப்டுக்குப் போகும்போது பனியில் முன்னால் போகிற சைக்கிள் தெரியாது, மணிச் சத்தம் மட்டும் கேட்கும். சேலத்தான், திருநெல்வேலிக்காரன், மாலூரிலிருந்து வருகிறவன் என்று ஆளுக்கொரு பேச்சு. எல்லாருக்கும் இருபத்தைந்து, முப்பது வயசு. முதல் முறையாகக் கையில் ஒரு உத்தியோகம், தோளில் ஒரு யூனிபார்ம். யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு. எதிரே முனியப்பா இருந்தார். விடுவோமா?

முதலில் கேன்டீன் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்புறம் ஒரு நாள் மூன்று ஷிப்டும் கொடுத்துச் சோறு மீந்தது, அடுத்த நாள் யாருமே கொடுக்கவில்லை. ராமப்பா அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மிஷினுக்கு அட்டை போடறோம். ஒரு மனுஷனுக்குப் போடக் கூடாதா?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நானே ஒரு மெயின்டனன்ஸ் அட்டை எடுத்து இங்கிலீஷில் எழுதினேன். மிஷின் என்று அச்சடித்த இடத்தில் முனியப்பா. எண்ணெய் விடுவது, சுத்தம் செய்வது என்று இருக்கும் கட்டங்களில் காலைச் சோறு, மதியச் சோறு, குளியல், முடிவெட்டு. செய்தவர் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எடைமேடை அறையின் கதவு ஆணியில் அதைத் தொங்கவிட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டை. ரொம்பப் பெருமை எனக்கு.

அதற்கப்புறம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. "இன்னிக்கு வேணாம்ப்பா, வயிறு மந்தமா கெடக்குது" என்று அவர் சொன்னால் எங்களுக்குத் திண்டாட்டம். டிக் விழாவிட்டால் அடுத்த ஷிப்டுக்காரன் கேலி செய்வான். "ஒரு வாய் சாப்பிட்டுரு பெரியவரே, அட்டையில போடணும்" என்று கெஞ்சுவோம். ஞாயிற்றுக்கிழமை குளியல். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போவோம். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதைச் சந்தோஷம் என்று நினைத்தோம்.

4

ஆயுத பூஜை என்றால் எங்கள் கம்பெனி கல்யாண வீடு மாதிரி. முந்தின நாளே மிஷினை எல்லாம் துடைத்து, பெயின்ட் அடித்து, வேண்டாத கழிசலைப் பின்கேட்டுக்கு வெளியே குவித்துக் கொளுத்துவோம். அந்த வருஷம் முனியப்பாவுக்கும் செய்ய வேண்டும் என்று முடிவானது. டூல் ரூமில் தகரத்தை வெட்டி மடித்து, கீல் வைத்து, பூட்டு வைத்து ஒரு பெட்டி செய்தோம். மிஷினுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து, ஸ்டென்சில் வைத்து அவர் பெயரை எழுதினேன். உள்ளே புதுப் போர்வை, ஒரு வேட்டி, இரண்டு சட்டை.

அவர் எங்கோ வெளியே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் முடித்து அசத்த வேண்டும் என்று பரபரப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தரையைக் கழுவினார்கள். மூட்டைகள் இரண்டும் நாறின. நான்தான் தூக்கினேன். ஒன்றில் உள்ளே ஏதோ லேசாகக் கிணுங்கியது. அவிழ்த்துப் பார்க்கக் கூசியது, கை அழுக்காகும் என்று. அப்படியே கொண்டுபோய், எண்ணெய் துடைத்த காட்டன் வேஸ்ட் எரிந்துகொண்டிருந்த குவியலில் போட்டேன்.

சாயங்காலம் வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

"என் மூட்டை எங்கப்பா?"

"அதுக்குத்தான் பெட்டி செஞ்சிருக்கோம் பெரியவரே" என்றேன் நான். ராமப்பா அண்ணன் தன்னை அறியாமல் சாம்பல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டார். முனியப்பா அங்கே போய்க் குந்தினார். ஒரு குச்சியால் வெகுநேரம் கிளறினார். எதையோ எடுத்தார். என்ன என்று பார்க்க எட்டினேன். கையை மூடிக்கொண்டார். மடியில் செருகிக்கொண்டு, போசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஹைவே பக்கம் நடந்துவிட்டார். பெட்டியைத் தொடவே இல்லை. அப்புறம் அதை வாட்ச்மேன் டார்ச்சும் குடையும் வைக்க எடுத்துக்கொண்டார்.

5

அதற்கடுத்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அத்திப்பள்ளியில் அவரைப் பார்த்ததாக ஒரு லாரி கிளீனர் சொன்னார். பஸ் ஏறினேன். ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டினால் பக்கம்தான். ஆனாலும் அது வேறு மாநிலம். எங்களை விட்டு வேறு மாநிலத்துக்கே போய்விட்டாரே என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

பஞ்சர் கடை ஓரத்தில் டயர்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு புதுச் சாக்கு, பாதி நிரம்பியிருந்தது.

"முனியப்பா" என்றேன்.

"இங்க அந்தப் பேரில்ல" என்றார்.

நான் கொண்டுபோன போர்வையைக் கீழே வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. நீங்க கெட்டவங்களா? சோறு போட்டீங்க, தண்ணி ஊத்துனீங்க. ஆனா இத்தினி நாள்ல ஒரு வாட்டி, வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மூட்டையில என்னா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதே மாதிரி எங்க இருந்தாலும் தேடிக் கொண்டாந்து தந்துடறன்."

"எடுக்கறதுக்கு முந்தி கேட்டிருந்தா அவுத்தே காட்டியிருப்பன். எரிச்சதுக்கப்புறம் என்னாத்துக்கு உனக்கு?"

"அப்ப நான் என்னாதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. கொஞ்ச நேரம் சும்மா குந்து."

குந்தினேன். லாரிகள் போயின, வந்தன. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. என்னால் முடியவில்லை. "டீ வாங்கியாரட்டுமா?" என்று எழுந்துவிட்டேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். சிரிப்புதான் என்று நினைக்கிறேன். "போ, பஸ்ஸு வந்துடும்" என்றார். கிளம்பும்போது, "அந்த அட்டை இன்னும் தொங்குதா?" என்று கேட்டார். எடுத்துவிட்டோம் என்று பொய் சொன்னேன். ஓசூர் திரும்பியதும் நேராக எடைமேடைக்குப் போய் அதைக் கழற்றினேன். எறிய மனசில்லாமல் சர்டிபிகேட் ஃபைலில் செருகினேன். அது என்னோடு கடல் தாண்டி வந்துவிட்டது. அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

6

கனடா வந்த முதல் வாரத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் எங்களுக்குக் குளிர்கோட்டு கொடுத்தார்கள். ரொம்ப நல்ல அம்மாள் ஒருத்தி. சரோஜாவை நிறுத்தி, ஒரு மஞ்சள் கோட்டைத் தானே மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, உள்ளே மாட்டிக்கொண்ட ஜடையை வெளியே எடுத்துவிட்டு, கன்னத்தைத் தட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சரோஜா கோட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு அழுதாள்.

"நானென்ன கைக்கொழந்தையாங்க? அங்க ஒரு ஊதாக் கோட்டு தொங்குச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னன். அவங்க பாக்கவே இல்ல."

அந்த அம்மாள் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. சரோஜாவுக்குக் கோட்டு மாட்டி முடித்ததும் டிக் அடித்தாள். அந்த டிக் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். முனியப்பா கதையை அப்போதும் நான் சரோஜாவிடம் சொல்லவில்லை.

7

இனி இந்த வருஷத்துக் கேசரிச் சனிக்கிழமை.

வெளியே நல்ல பனி. கூடத்தில் கூட்டம். வித்யா சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் குளிக்க வரிசையில் நின்றார். அறுபது வயசிருக்கும், வெள்ளைக்காரர், தாடி. தோளில் குப்பைக்குப் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிய மூட்டை, மேலே நைலான் கயிறு சுற்றி முடிச்சு. குளியலறைக்குள் மூட்டை கூடாது என்றார்கள். லாக்கரைக் காட்டினார்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கூடம் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நேரே என்னிடம் வந்தார். "இதைப் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்றார். ஏன் என்னிடம் வந்தார் என்று அப்புறம் யோசித்தேன். அந்த இடத்தில் யாருக்கும் உதவி செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் நான் ஒருவன்தான்.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. அசைந்தபோது உள்ளே ஏதோ இரும்புச் சத்தம். மூட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மார்கரெட் வந்தாள். அந்தக் கூடத்தை நடத்துகிறவள், தங்கமான மனுஷி. கையில் புத்தம்புதிய முதுகுப்பை. "பாவம், அந்தப் பிளாஸ்டிக் கிழிந்துவிட்டது. அவர் வருவதற்குள் சாமானை எல்லாம் இதில் மாற்றிவிடலாம். வந்து பார்த்து அசந்துபோவார்" என்றாள். முடிச்சில் கை வைத்தாள்.

நான் இரண்டு கையாலும் மூட்டையை அணைத்துக்கொண்டேன். "வேண்டாம்" என்றேன். "அவர் வரட்டும். கேட்போம்."

"ஒரு நிமிஷ வேலைதான்."

"இல்லை. கேட்போம்." என் இங்கிலீஷுக்கு அதற்கு மேல் வரவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். மார்கரெட்டின் முகம் வாடிப்போனது. வித்யா கரண்டியோடு ஓடிவந்து, "அப்பா, அவர் நல்லதுதானே செய்கிறார், ப்ளீஸ்" என்றாள், வழக்கம்போல இங்கிலீஷில். அவமானத்தில் அவள் காது சிவந்திருந்தது. வீட்டுக்குப் போகலாம், நேரமாகிவிட்டது, மூட்டையை இங்கே வைத்துவிட்டு வா என்றாள்.

"அவரு வரட்டும்மா" என்றேன்.

நாற்பது நிமிஷம். நான் எழுந்திருக்கவில்லை.

அவர் ஈரத் தாடியோடு வந்தார். முதலில் முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தான் போட்ட முடிச்சு அப்படியே இருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மார்கரெட் முதுகுப்பையை நீட்டி, "உங்களுக்கு இது வேண்டுமா?" என்று கேட்டாள். அவர் வாங்கி ஜிப்பை இழுத்துப் பார்த்தார். வாரைத் தோளில் மாட்டிப் பார்த்தார். யோசித்தார். பிறகு மூட்டையை அவிழ்க்காமலே, அப்படியே முழுசாக, பைக்குள் இறக்கி ஜிப்பைப் போட்டார். மார்கரெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

காரில் பாதி வழியில், "அதற்குள் என்ன இருந்தது அப்பா?" என்று வித்யா இங்கிலீஷில் கேட்டாள்.

"தெரியாது."

"அவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள். கேட்கவில்லையா?"

வீட்டுக்கு வந்து சர்டிபிகேட் ஃபைலை எடுத்து அந்த அட்டையை அவளிடம் கொடுத்தேன். தாத்தா தமிழில் எழுதும் கடிதங்களை அவளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இந்த அட்டை இங்கிலீஷ். என் ஓசூர் வாழ்க்கையிலிருந்து அவளாகவே படிக்க முடிந்த முதல் காகிதம் அதுதான். மிஷின், முனியப்பா. குளியல், டிக். முடிவெட்டு, டிக். கீழே என் கையெழுத்து, வரிசையாக. முனியப்பா என்பது என்ன மிஷின் என்று கேட்டாள். சொன்னேன். பெட்டி, தீ, அத்திப்பள்ளி, எல்லாவற்றையும் சொன்னேன். சரோஜா அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். அவளுக்கும் அது புதுக்கதைதான்.

வித்யா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், திரும்பவும் முன்பக்கம் பார்த்தாள். மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். என் மகள் கண்ணில் நான் என்னவாகத் தெரிவேன் என்பது இனி என் கையில் இல்லை.

எங்கள் வீட்டில் பரிமாறும்போது யாரும் கேட்கிற வழக்கமில்லை. சரோஜா தட்டில் வைத்துவிட்டுப் போவாள், நாம் சாப்பிட வேண்டும். வித்யா ஆறிப்போன கேசரிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரண்டியில் எடுத்தாள். என் தட்டுக்கு மேலே கையை நிறுத்திக்கொண்டாள்.

"வேணுமாப்பா?" என்றாள், தமிழில்.

"வேணும்மா" என்றேன். "கொஞ்சமா வை."

கொஞ்சமாகத்தான் வைத்தாள்.